முத்துப்பிள்ளை நோய்த் துறையில் ஆய்வும் கற்பித்தலும்: குமரி மாவட்ட இளம் மருத்துவர்களுக்கு ஒரு கையேடு

முத்துப்பிள்ளை கர்ப்பமும் (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுத்திசு நீர்க்கட்டிகளாகப் பெருகுவது) அதிலிருந்து கிளம்பும் கோரியோகார்சினோமா என்ற நஞ்சுத்திசுப் புற்றுநோயும் அபூர்வமான நோய்கள். ஆனால் உடம்பில் பரவிய பிறகும் குணப்படுத்த முடிகிற புற்றுநோய்கள் வெகு சில. அவற்றில் முதல் வரிசையில் நிற்பது இதுதான். குறைந்த அபாயப் பிரிவில் ஏறத்தாழ எல்லோரும் பிழைக்கிறார்கள். உயர் அபாயப் பிரிவிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். அப்படியிருந்தும் ஒரு பெண் இறந்தால், நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாகியிருக்கும். இல்லையென்றால் பாதி வழியில் அவளோடு தொடர்பு விட்டுப்போயிருக்கும். இந்தத் துறையில் ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் வளர நினைக்கிற மருத்துவர் இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெருநகரம் தேவையில்லை. ஆசாரிப்பள்ளத்திலோ குலசேகரத்திலோ இருந்தே செய்யலாம்.

படிப்பு வழி

எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. வழியாக மூன்று ஆண்டு மகப்பேறு முதுநிலைப் படிப்பு. அதன்பின் நீட் எஸ்.எஸ். எழுதி எம்.சி.ஹெச். மகளிர் புற்றுநோய் அறுவை மருத்துவம், அதுவும் மூன்று ஆண்டு. மருந்துச் சிகிச்சைப் பக்கம் போக விரும்புகிறவர்கள் பொது மருத்துவ எம்.டி. முடித்து டி.எம். புற்றுநோய் மருத்துவம் படிக்கலாம். இவை தவிர இன்னொரு வழியும் உண்டு. உயர் சிறப்புப் படிப்புக்குப் போகாமல் மகப்பேறு உதவிப் பேராசிரியராகவே இருந்துகொண்டு, துறைக்குள் ஒரு முத்துப்பிள்ளை நோய்க் கிளினிக்கைப் பொறுப்பேற்று நடத்துவது. மாவட்ட மருத்துவக் கல்லூரிகளுக்கு அதிகம் தேவைப்படுவது இந்த மூன்றாவது வகைக்காரர்கள்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

முதுநிலை மாணவர்கள் எல்லோரும் எழுத வேண்டிய அடிப்படை ஆராய்ச்சிப் பயிற்சித் தேர்வை முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். மூன்று மாத மாவட்ட உறைவிடப் பயிற்சியைச் சும்மா கழிக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, கிராம சுகாதார செவிலியர் என எல்லோரையும் நேரில் அறிய அதைவிட நல்ல வாய்ப்பு பிறகு வராது.

பதிவேடுதான் அஸ்திவாரம்

பிரிட்டனில் 1973 முதல் முத்துப்பிள்ளை கர்ப்பம் வந்த பெண்களைத் தேசிய அளவில் பதிந்து, லண்டன், ஷெஃபீல்டு, டண்டீ என்று மூன்றே மையங்களில் கண்காணிக்கிறார்கள். கென்னத் பேக்ஷா தொடங்கி வைத்த ஏற்பாடு அது. அங்கிருந்து வந்த ஆய்வுகளின் பலம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் துறையிலும் முதல் வேலை ஒரு பட்டியல்தான்.

கணினிக்குப் போவதற்கு முன் கெட்டி அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு பெண்ணுக்கு எதிரெதிரான இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் வயது, முந்தைய கர்ப்பங்கள், கருப்பையைச் சுத்தம் செய்த தேதி, அப்போது கர்ப்பம் எத்தனை வாரம், சுத்தம் செய்வதற்கு முந்தைய எச்.சி.ஜி. (நஞ்சுத்திசு சுரக்கும் கர்ப்ப ஹார்மோன்) அளவு, ரத்த வகை (ஆர்.எச். நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி போட்டாயிற்றா என்பதும்), திசுப் பரிசோதனை எண், முடிவு, கருத்தடை முறை ஆகியவை. வலப்பக்கம் முழுக்க எச்.சி.ஜி. அளவுகளுக்கு: தேதி, அளவு, எந்த ஆய்வகம், எந்தக் கருவி.

தொலைபேசி எண் மூன்று வாங்குங்கள். அவளுடையது, கணவருடையது, அம்மை வீட்டு எண். மூன்றாவதுதான் கடைசிவரை மாறாமல் இருக்கும். தூத்தூர், சின்னத்துறை, குளச்சல் பக்கம் கணவர் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் அவர் எண்ணில் யாரும் கிடைக்க மாட்டார்கள். பேச்சிப்பாறை மலைக் குடியிருப்புகளில் சிக்னலே சரியாக இராது. அங்கே நான்காவதாக கிராம சுகாதார செவிலியர் எண்ணையும் எழுதுங்கள்.

கர்ப்பப் பதிவில் "கருச்சிதைவு" என்று முடித்துவிட்டால் அத்தோடு அந்தப் பெண்ணை யாரும் தேடுவதில்லை. பிரசவத் தேதியும் இல்லை, தடுப்பூசித் தேதியும் இல்லை. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியிலேயே, "முத்துப்பிள்ளை கர்ப்பம், வாரந்தோறும் எச்.சி.ஜி. பார்க்க வேண்டும்" என்று தமிழில் பெரிதாக எழுதி, அதன் நகலைச் செவிலியருக்கும் அனுப்புங்கள்.

எல்லைப்புறப் பிரச்சினை ஒன்று இந்த மாவட்டத்துக்கே உரியது. களியக்காவிளைக்காரருக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். சுத்தம் செய்தது மார்த்தாண்டத்தில், திசு முடிவு நாகர்கோவிலில், மருந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் என்று ஒரே பெண்ணின் கதை மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். பதிவேட்டில் "வேறிடத்தில் சிகிச்சை" என்று ஒரு கட்டம் வையுங்கள். மாதம் ஒருமுறை அங்குள்ள துறையோடு பட்டியலைச் சரிபாருங்கள். இதைச் செய்யாமல் எழுதுகிற எந்த ஆய்விலும் "தொடர்பு அறுந்தவர்கள்" விகிதம் பொய்யாகத்தான் வரும். அவர்களில் பலர் வேறொரு ஊரில் ஒழுங்காகச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருப்பார்கள்.

எச்.சி.ஜி. அளவை வரைந்து பார்ப்பது

சுத்தம் செய்த பிறகு வாரம் ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை இயல்பு அளவு வரும்வரை வாரந்தோறும். அதன்பின் முழு முத்துப்பிள்ளைக்கு (கருவே இல்லாதது) ஆறு மாதம் மாதந்தோறும் பார்ப்பது பரவலான வழக்கம். பகுதி முத்துப்பிள்ளைக்கு (கருவின் பாகமும் இருப்பது) இயல்பான பின் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்தால் போதும் என்று உலக மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ சொல்கிறது. துறைக்குள் ஒரே நெறிமுறையை எழுதி ஒட்டிவிடுங்கள். யூனிட்டுக்கு யூனிட் மாறினால் பெண்களுக்குக் குழப்பம், ஆய்வுக்கும் பயன்படாது.

அளவுகளை அரை மடக்கை வரைபடத் தாளில் குறியுங்கள். சாதாரணத் தாளில் 1,00,000-லிருந்து 10,000-க்கு இறங்கும் கோடு செங்குத்தாக விழும். 400-லிருந்து 40-க்கு வருவது தெரியவே தெரியாது, கோடு தரையோடு ஒட்டிவிடும். மடக்கைத் தாளில் பத்தில் ஒன்றாகக் குறைவது எங்கே நடந்தாலும் ஒரே இறக்கம். ஆகவே 400 பக்கம் வந்து கோடு படுத்துக்கொண்டால் கண்ணில் படும். மருந்து தேவையா என்ற முடிவு பல நேரம் அந்த அளவில்தான் எடுக்கப்படுகிறது.

சுத்தம் செய்த பிறகும் நோய் தங்கிவிட்டது, மருந்து தேவை என்று சொல்ல ஃபிகோ விதி இது. நான்கு அளவுகள், அதாவது 1, 7, 14, 21-ஆம் நாட்களில், பத்து சதவீதத்துக்குள் ஏறி இறங்கி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மாதிரிக்கு 820, 790, 845, 810. அல்லது 1, 7, 14-ஆம் நாட்களில் மூன்று அளவுகள் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும், 240, 310, 420 என்பதுபோல. அல்லது திசுவில் கோரியோகார்சினோமா உறுதியாக வேண்டும். ஒரே ஒரு அளவு சற்று ஏறியதைப் பார்த்து மருந்து தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. நடுவில் ஒரு வாரம் ரத்தம் எடுக்காமல் விட்டால் இந்த விதியையே பயன்படுத்த முடியாமல் போகும். வாரந்தோறும் வரச் சொல்வதன் காரணத்தைப் பெண்ணுக்கும் வீட்டாருக்கும் விளக்கினால் வருவார்கள். "மக்களே, கட்டி இருக்கா இல்லியான்னு ஸ்கேனுக்குத் தெரியும் முன்னாடி இந்த ரத்தத்துக்குத் தெரிஞ்சிரும்" என்று ஒரு மூத்த செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது, டாக்டர் நின்றபடி சொல்லும் பத்து வாக்கியத்தைவிட அதிகம் பலிக்கும்.

முழு முத்துப்பிள்ளைக்குப் பிறகு 15 முதல் 20 சதவீதம் பேருக்கு இப்படி நோய் தங்குகிறது. பகுதி முத்துப்பிள்ளையில் இது மிகக் குறைவு, ஐந்து சதவீதத்துக்குள்.

கண்காணிப்பு முடியும்வரை கர்ப்பம் கூடாது. புதுக் கர்ப்பம் வந்தால் ஏறுகிற எச்.சி.ஜி. குழந்தையினுடையதா நோயினுடையதா என்று பிரிக்க முடியாது. கருத்தடை மாத்திரை பாதுகாப்பானது, எச்.சி.ஜி. இயல்பாகும் முன் காப்பர்-டி போடக் கூடாது, கருப்பை துளைபடும் அபாயம் உண்டு. இந்தப் பேச்சில் கணவரையும் மாமியாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "அடுத்தது எப்போ" என்ற கேள்வி அந்த வீட்டில் தினமும் எழும். ஒருமுறை முத்துப்பிள்ளை வந்தவருக்கு மறுபடி வருவது நூற்றில் ஒருவருக்குத்தான், அடுத்த கர்ப்பம் பெரும்பாலும் நல்லபடியாக இருக்கும் என்பதை அவர்கள் காதுபடச் சொல்லுங்கள்.

ஆய்வகத்தில் வரும் மூன்று கோளாறுகள்

முதலாவது, எச்.சி.ஜி. மிக மிக அதிகமாக இருந்தால் கருவி குறைத்துக் காட்டும். சோதனையில் உள்ள எதிர்ப்புப் பொருள் முழுக்க நிரம்பிவிடுவதால் இது நடக்கிறது. ஸ்கேனில் கருப்பை முழுக்க நீர்க்கட்டிகள், தாளில் சில ஆயிரம்தான் என்றால் நம்பாதீர்கள். விண்ணப்பத் தாளிலேயே "முத்துப்பிள்ளை சந்தேகம், நீர்த்துப் பார்க்கவும்" என்று எழுதுங்கள்.

இரண்டாவது, இல்லாத எச்.சி.ஜி. இருப்பதாக வருவது. சிலர் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் சோதனையை ஏமாற்றும். இவை பெரிய மூலக்கூறுகள், சிறுநீரில் இறங்குவதில்லை. ஆகவே ரத்த அளவு 50-க்கு மேல் காட்டியும் சிறுநீர்ச் சோதனை நெகட்டிவ் என்றால், வேறு நிறுவனக் கருவியில் திரும்பப் பாருங்கள்; நீர்த்தும் பாருங்கள், உண்மையான எச்.சி.ஜி. என்றால் விகிதப்படி குறையும். இதைச் செய்யாமல் நோயே இல்லாத பெண்களுக்குக் கீமோவும் கருப்பை நீக்கமும் நடந்த கொடுமை பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

மூன்றாவது, பயோட்டின். முடி கொட்டுகிறது என்று வாங்கி விழுங்கும் மாத்திரைகளில் இது இருக்கும். சில கருவிகளில் அளவைப் பொய்யாகக் குறைக்கும். இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் எடுங்கள்.

எப்போதும் ஒரே ஆய்வகம், ஒரே கருவி. தெருமுனை லேபில் ஒன்று, மருத்துவக் கல்லூரியில் ஒன்று என்று வரைபடத்தில் கலந்தால் அந்தக் கோட்டுக்குப் பொருளே இல்லை.

அபாய மதிப்பெண்: தவறு எங்கே நுழைகிறது

ஃபிகோ மதிப்பெண்ணில் எட்டு அம்சங்கள். ஆறு வரை குறைந்த அபாயம், ஒற்றை மருந்து; ஏழும் அதற்கு மேலும் உயர் அபாயம், பல மருந்துக் கூட்டுச் சிகிச்சை. அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

வயது 28 (0). முந்தைய கர்ப்பம் கருச்சிதைவு (1). அது நடந்து ஐந்து மாதம் (1). எச்.சி.ஜி. 45,000 (2). கருப்பையில் 4 செ.மீ. கட்டி (1). பரவியது நுரையீரலில் மட்டும் (0). மார்பு எக்ஸ்ரேயில் மூன்று புள்ளிகள் (1). முன்பு கீமோ இல்லை (0). மொத்தம் 6, குறைந்த அபாயம்.

இதே பெண்ணுக்கு சி.டி. எடுத்து, அதில் தெரிகிற ஒன்பது புள்ளிகளை எண்ணினால் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் 4, மொத்தம் 9. தேவையில்லாமல் ஐந்து மருந்துக் கூட்டுச் சிகிச்சைக்குப் போய்விடுவாள். நுரையீரல் புள்ளிகளை எக்ஸ்ரேயில்தான் எண்ண வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். மறுபக்கம், முந்தையது கருச்சிதைவு அல்ல, நிறைமாதப் பிரசவம் என்று பேசிப் பார்த்துத் தெரியவந்தால் 7, உயர் அபாயம். ஒற்றை மருந்தோடு நிறுத்தினால் நோய் அடங்காது. ஆகவே முதுநிலை மாணவர் போட்ட மதிப்பெண்ணை அப்படியே ஏற்காமல், ஒவ்வொரு அம்சத்துக்கும் ஆதாரத் தாளைக் கேளுங்கள்.

யோனியில் நீலநிறக் கட்டி தெரிந்தால் பயாப்சி எடுக்கவே கூடாது. நிற்காத ரத்தப்போக்கு வரும்.

மெதோட்ரெக்ஸேட் கொடுக்கும்போது

மெதோட்ரெக்ஸேட் ஒரு புற்றுநோய் மருந்து; ஃபோலினிக் அமிலம் அதன் நச்சை முறிப்பது. குறைந்த அபாயத்தில் பரவலாகப் பயன்படும் எட்டு நாள் முறை: 1, 3, 5, 7-ஆம் நாட்களில் மெதோட்ரெக்ஸேட் 50 மி.கி. தசையில்; 2, 4, 6, 8-ஆம் நாட்களில் ஃபோலினிக் அமிலம் 15 மி.கி. மாத்திரை. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. திங்கள், புதன், வெள்ளியில் தொடங்கினால் ஏதோ ஒரு ஊசி ஞாயிற்றுக்கிழமையில் விழும், அது தவறிப்போகும். செவ்வாய், வியாழன், சனியில் தொடங்குங்கள்.

ஃபோலினிக் அமிலம் வேறு, ஃபோலிக் அமிலம் வேறு. மருந்துக்கடையில் இரண்டாவதைக் கொடுத்துவிடுவார்கள்; அது மெதோட்ரெக்ஸேட்டின் நச்சை முறிக்காது. லியூகோவோரின் என்ற பெயரையும் சீட்டில் எழுதுங்கள், வாங்கிவந்த பட்டையைக் கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ரத்த அணுக்கள், கிரியாட்டினின், ஈரல் சோதனை. தினம் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். வலி மாத்திரையும் கோட்ரைமாக்சசோலும் தானாக வாங்கிப் போடக் கூடாது. வாய்ப்புண் வந்தால் அடுத்த ஊசிக்கு முன் கட்டாயம் காட்ட வேண்டும்.

எச்.சி.ஜி. இயல்பானதும் நிறுத்தக் கூடாது. மேலும் இரண்டு அல்லது மூன்று சுற்று. இந்தப் பாடத்தைக் கற்பித்தவர் மின் சியூ லீ. 1956-ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ராய் ஹெர்ட்ஸோடு சேர்ந்து கோரியோகார்சினோமாவை மெதோட்ரெக்ஸேட்டால் குணப்படுத்தினார். கட்டி மறைந்த பிறகும் எச்.சி.ஜி. இருக்கும்வரை மருந்து கொடுத்தே தீருவேன் என்று நின்றதால் வேலையை இழந்தார். 1972-ல் லாஸ்கர் விருது அவரைத் தேடி வந்தது. மெதோட்ரெக்ஸேட் பிறந்த லெடர்லே ஆய்வகத்தில் அந்தப் பணியை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் பெருமைப்பட உரிமையுள்ள செய்தி.

கீமோ முடிந்தபின் ஓராண்டு மாதந்தோறும் எச்.சி.ஜி. அந்த ஓராண்டும் கர்ப்பம் வேண்டாம். மெதோட்ரெக்ஸேட் குழந்தைப்பேற்றைக் கெடுப்பதில்லை.

ஆய்வு: என்ன எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

முதலில் எண்ணிக்கையை நேர்மையாகப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கர்ப்பத்துக்கு ஒன்று முதல் மூன்று என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 5,000 கர்ப்பம் பார்க்கும் மருத்துவமனையில் 5 முதல் 15 முத்துப்பிள்ளை. அதில் நோய் தங்குகிறவர்கள் ஒன்றிரண்டு பேர். ஒன்றரை ஆண்டு ஆய்வேட்டில் "இரு மருந்துகளின் ஒப்பீடு" என்று தலைப்பு எடுத்தால் கடைசியில் இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று நிற்பீர்கள்.

செய்யக்கூடியவை வேறு. கடந்த பத்தாண்டு பதிவுகளைத் திரட்டிப் பார்ப்பது. வீட்டின் தூரத்துக்கும் கண்காணிப்பு அறுவதற்கும் உள்ள தொடர்பு. நோயியல் துறை அலமாரியில் இருக்கும் பழைய திசுக்களை (பாரஃபின் மெழுகில் பதித்தவை) எடுத்து, பி57 என்ற புரதத்தைக் காட்டும் சாயச் சோதனை செய்து, முழு, பகுதி என்ற பழைய முடிவுகளைத் திருத்துவது. முழு முத்துப்பிள்ளையில் இந்தச் சாயம் ஏறாது, பகுதியில் ஏறும். கடைசியாகச் சொன்னது செலவு குறைவு, விளைவு உறுதி, நோயியல் துறைக்கும் பயன்.

மருத்துவமனை விகிதத்தை மாவட்ட விகிதமாக எழுதாதீர்கள். சிக்கலானவர்கள் எல்லோரும் பெரிய மருத்துவமனைக்கு வருவதால் எண்ணிக்கை ஊதித் தெரியும். விகிதத்தின் கீழ் எண்ணாகப் பிரசவங்களை எடுத்தீர்களா, எல்லாக் கர்ப்பங்களையுமா என்பதையும் எழுதுங்கள். பழைய பதிவுகளை மட்டும் பார்க்கிற ஆய்வுக்கும் நெறிமுறைக் குழு அனுமதி தேவை. ஒப்புதல் விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் விண்ணப்பிக்காமல் தொடங்கக் கூடாது. தனி நோயாளி அறிக்கை எழுதினால் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம். ஒரு கிராமத்தில் ஒரே ஒருத்திக்கு வந்த நோயை ஊர்ப்பெயரோடு எழுதுவது பெயர் போட்டு எழுதுவதற்குச் சமம்.

ஐந்தாறு மருத்துவமனைகள் சேராமல் பெரிய கேள்விகளுக்கு விடை வராது. ஆசாரிப்பள்ளம், குலசேகரம், திருநெல்வேலி, திருவனந்தபுரம் எல்லாவற்றிலும் பதிவேட்டின் கட்டங்கள் ஒன்றுபோல இருக்க முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். நெய்யூரையும் விட்டுவிடாதீர்கள், எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்டு சாமர்வெல் ரேடியம் சிகிச்சையை அங்கே கொண்டுவந்த காலத்திலிருந்து, இந்த மாவட்டத்துக்காரர்கள் புற்றுநோய்க்குத் தேடிப்போகிற இடம் அது.

கற்பித்தல்

பயிற்சி மருத்துவருக்கு இரண்டே பழக்கம் போதும். கருச்சிதைவுக்குச் சுத்தம் செய்து எடுத்த திசு எதையும் வாளியில் போடாமல், பத்து சதவீத ஃபார்மலினில் நோயியலுக்கு அனுப்புவது. இனப்பெருக்க வயதில் உள்ள பெண் ரத்த இருமலோடோ புதிதாக வந்த வலிப்போடோ பிரசவத்துக்குப்பின் நிற்காத உதிரத்தோடோ வந்தால் ஒரு சிறுநீர்க் கர்ப்பச் சோதனை. நோய் நுரையீரலுக்கோ மூளைக்கோ பரவியிருக்கலாம். இரண்டாவது பழக்கத்தை மகப்பேறு வகுப்பில் சொல்லிப் பயனில்லை; அந்தப் பெண்கள் முதலில் போவது நெஞ்சக நோய்ப் பிரிவுக்கும் நரம்பியலுக்கும். காச மருந்து ஆறு மாதம் தின்று முடித்த பிறகு எச்.சி.ஜி. பார்க்கிற நிலை வரக்கூடாது. ஆண்டுக்கு இருமுறை அந்தத் துறைகளின் கூட்டத்துக்கே போய் அரைமணி நேரம் கேளுங்கள், தருவார்கள்.

முதுநிலை மாணவருக்கு வகுப்பைவிடப் பதிவேடே பாடம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒருவர் வரைபடங்களை உரக்கப் படிக்கட்டும்: யார் வரவில்லை, யாருக்குக் கோடு படுத்திருக்கிறது, இன்று யாரை அழைக்க வேண்டும். அழைப்பை அவரே அங்கேயே செய்யட்டும். செவிலியர்களுக்குத் தனியாக, தமிழில், வரைபடத் தாளைக் கையில் கொடுத்து நடத்துங்கள். ஆய்வக நுட்பனர்களையும் கூப்பிடுங்கள். நீர்த்துப் பார்க்கச் சொல்வதன் காரணம் புரிந்தால் அவர்களே சந்தேகப்பட்டு அழைப்பார்கள்.

இடமாற்றம் வந்தால்

அரசுப் பணியில் ஆணை எப்போது வேண்டுமானாலும் வரும். பெரும்பாலான கிளினிக்குகள் நின்றுபோவது அப்போதுதான். ஆகவே முதல் ஆண்டிலிருந்தே இரண்டாவது பொறுப்பாளர் ஒருவரை வையுங்கள். பதிவேடு துறையின் சொத்து. வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. மின்நகல் துறைக் கணினியில், கடவுச்சொல் துறைத் தலைவரிடம். புறப்படும் வாரத்தில் கண்காணிப்பில் உள்ள ஒவ்வொரு பெண்ணையும் அழைத்து, புதியவர் பெயரையும் கிளினிக் கிழமையையும் சொல்லி, போனை அவர் கையிலேயே கொடுத்துப் பேச வையுங்கள். மருந்து நடந்துகொண்டிருப்பவர்களின் அடுத்த ஊசித் தேதியைத் தனித் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள்.